வீட்டு லைட்டுகள்: கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது, எப்படிப் பூட்டுவது

புதிதாக ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்தால் முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு லைட் மாற்றவேண்டி வரும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஓர் எலெக்ட்ரிகல் கடைக்குள் போய் "ஒரு பல்ப் தாங்க" என்று கேட்டுப் பாருங்கள், பல்ப் வராது, கேள்விதான் வரும். "பின்னா ஸ்க்ரூவா தம்பி? டேலைட்டா வார்மா? எத்தனை வாட்?" பின்னால் நாலு பேர் அவசரத்தில் நிற்பார்கள். இந்தக் கேள்விகளுக்கான பதிலை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போகவேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் எல்லா லைட்டையும் எல்ஈடிக்கு மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். லைட்டின் வடிவு, விலை, வாட் எல்லாம் அப்புறம். அது உட்காரும் இடம் எப்படி இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

முதல் வேலை: ஹோல்டரைப் பாருங்கள்

பழைய பல்பைக் கழற்றி அதன் அடியைப் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு சின்ன முளை இருந்தால் அது பின் பல்ப், பெட்டியில் பி22 என்று போட்டிருக்கும். அமத்தித் திருப்பிப் பூட்டுவது இதுதான், இலங்கை வீடுகளில் பழைய வயரிங் என்றால் அநேகமாக இதுவே. மரை போட்டிருந்தால் ஸ்க்ரூ பல்ப், அது ஈ27. அதிலேயே மெலிந்தது ஒன்று உண்டு, ஈ14, ஷண்டிலியரிலும் சின்ன மேசை விளக்குகளிலும் வரும். எண்கள் எல்லாம் மில்லிமீட்டர்: 22, 27, 14 என்பது அடியின் விட்டம். ஸ்பொட் லைட் என்றால் இன்னொரு வகை வரும், இரண்டு தடித்த கால்கள் நுனியில் தலை வைத்தபடி இருந்தால் ஜியூ10, அது நேராக 230 வோல்ட்டில் ஓடும். கால்கள் ஊசி மாதிரி மெல்லியதாக இருந்தால் எம்ஆர்16, அது 12 வோல்ட், சீலிங்குக்கு மேலே எங்கோ ஒரு டிரான்ஸ்ஃபோர்மர் அதற்கென்று இருக்கும். இந்த இரண்டையும் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

சந்தேகமாக இருந்தால் பழைய பல்பையே ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஃபோனில் எடுத்த படத்தில் அளவு விளங்காது.

ஹோல்டருக்கும் பெயர் உண்டு. சுவரிலோ சீலிங்கிலோ தட்டையாக ஒட்டி நிற்பது பேட்டன் ஹோல்டர், சாய்ந்து நிற்பது ஆங்கிள் ஹோல்டர், வயரில் தொங்குவது பென்டன்ட் ஹோல்டர். அந்த வயர் சீலிங்கில் புறப்படும் இடத்தில் இருக்கும் வட்ட மூடிதான் சீலிங் ரோஸ். ஹோல்டரின் வாய் கருகியிருந்தாலோ ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலோ புதிய பல்ப் போட்டுப் பிரயோசனமில்லை, ஹோல்டரையும் மாற்றுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும், உப்புக்காற்று பித்தளையை விடாது.

இரண்டாவது: வெளிச்சத்துக்கு லூமன், நிறத்துக்குக் கெல்வின்

வாட் என்பது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதற்கு மட்டும். எவ்வளவு வெளிச்சம் என்பதற்குப் பெட்டியில் லூமன் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்ப் சுமார் 800 லூமன் தந்தது, இன்றைக்கு 9 வாட் எல்ஈடி அதைத் தரும். 40 வாட் பல்புக்குச் சமம் என்றால் 450 லூமன் அளவில் தேடுங்கள்.

நிறத்துக்குக் கெல்வின். 2700, 3000 என்றால் மஞ்சள் சாயல், வார்ம் வைட். 4000 நடுத்தரம். 6500 என்றால் வெள்ளை, கொஞ்சம் நீலம் அடிக்கும், கடையில் டேலைட் என்பார்கள். கொழும்பில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஹோல், அறை, சாமியறை எல்லாம் டேலைட்தான். எனக்கு இது பிடிக்கவேயில்லை. இரவில் படுக்கப்போகும் அறையில் 3000 போட்டுப் பாருங்கள், கண்ணுக்கு எவ்வளவு ஆறுதல் என்று அன்றைக்கே விளங்கும். குசினிக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 அல்லது 6500 சரி. குசினிக்கு இன்னொன்றும் பாருங்கள், பெட்டியில் சிஆர்ஐ என்று, நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு ஒரு எண் இருந்தால் அது 80க்குக் குறையக் கூடாது. மீன் செவுளின் நிறம் சரியாகத் தெரியாத லைட்டுக்குக் கீழே மீன் வெட்ட முடியாது. ஒரே ஹோலில் இரண்டு நிறத்தைக் கலக்கவும் வேண்டாம்.

மூன்றாவது: கரண்டை நிறுத்துவது

சுவர் ஸ்விட்சை மட்டும் ஓஃப் பண்ணிவிட்டு ஏறக்கூடாது. மெயின் ஸ்விட்சையே ஓஃப் பண்ணுங்கள், அல்லது பலகையில் அந்த லைட் லைனுக்குரிய பிரேக்கரை. சில பழைய வீடுகளில் ஸ்விட்சைக் கரண்ட் வரும் லைவ் வயரில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள், லைட் அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். டெஸ்டர் வைத்திருப்பவர்கள் முதலில் கரண்ட் உள்ள ப்ளக் பொயின்டில் குத்தி அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மெயினை நிறுத்தி ஹோல்டரில் பாருங்கள். டெஸ்டரே பழுதாக இருந்தால் அது எரியாததற்கு அர்த்தமில்லை. பிளாஸ்டிக் கதிரையில் ஏறவேண்டாம், ஏணி எடுங்கள்.

பல்ப் மாற்ற இவ்வளவும் போதும். வயரைத் தொடும் வேலை எதுவானாலும் வயரிங் பாஸைக் கூப்பிடுங்கள், ஆனால் அவரிடம் என்ன சொல்லவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

டியூப் லைட்: இங்கேதான் அதிகம் குழம்புகிறது

டியூபுக்கு முதலில் நீளம் சொல்லுங்கள், நாலடியா இரண்டடியா. அப்புறம் தடிப்பு. டி8 என்றால் ஓர் அங்குலம், டி5 என்றால் ஓர் அங்குலத்தின் எட்டில் ஐந்து பங்கு, கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். மிகப் பழைய செட்டுகளில் டி12 இருக்கும், ஒன்றரை அங்குலம். டி8க்கும் டி12க்கும் கால் இடைவெளி ஒன்றே, 13 மில்லிமீட்டர், அதனால் எல்ஈடி டி8 டியூப் பழைய தடித்த செட்டிலும் உட்காரும். டி5 உட்காராது.

சரி, உட்கார்ந்துவிட்டது என்பதற்காக எரியும் என்றில்லை. செட்டுக்குள் என்ன சோக் (டியூபுக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) இருக்கிறது என்று பாருங்கள். கனமான இரும்புக் கட்டி ஒன்றும், பக்கத்தில் விரல் நீளத்தில் உருளையாக ஒரு ஸ்டார்ட்டரும் இருந்தால் அது பழைய காந்தச் சோக். ஸ்டார்ட்டரே இல்லாமல் இலேசான பெட்டி ஒன்று மட்டும் இருந்தால் எலெக்ட்ரோனிக் சோக். காந்தச் சோக் செட் என்றால் வேலை சுகம். எல்ஈடி டியூப் வாங்கும்போது கூடவே ஓர் எல்ஈடி ஸ்டார்ட்டர் தருகிற வகையைக் கேளுங்கள். பழைய டியூபைக் கால்வாசித் திருப்பி இறக்கி, பழைய ஸ்டார்ட்டரையும் இடப்பக்கம் திருப்பிக் கழற்றி, அந்த இடத்தில் எல்ஈடி ஸ்டார்ட்டரைப் போட்டு, டியூபை ஏற்றுங்கள். அநேகம் பேர் புதிய டியூபை மட்டும் ஏற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மறந்துவிடுகிறார்கள். எல்ஈடி ஸ்டார்ட்டருக்குள் இருப்பது வெறும் ஃபியூஸ், டியூபின் மறுபக்கத்திலிருந்து கரண்ட் திரும்பி வரும் பாதையே அதுதான். பழைய ஸ்டார்ட்டர் அந்த இடத்தில் இருந்தால் டியூப் எரியாது, அல்லது விட்டு விட்டு மின்னும், நீங்கள் டியூப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள்.

எலெக்ட்ரோனிக் சோக் என்றால் அதை விலக்கி நேராக வயர் கொடுக்கவேண்டும், பாஸ் வேலை. அதற்கு முன் டியூபில் ஒட்டியிருக்கும் சின்னப் படத்தைப் பாருங்கள். சில டியூபுக்கு எல் (லைவ்), என் (நியூட்ரல்) இரண்டும் ஒரே முனையில், மற்ற முனை தாங்கிப் பிடிக்க மட்டும். சிலதுக்கு ஒரு முனையில் எல், மறுமுனையில் என். இந்தப் படத்தை பாஸிடம் காட்டுங்கள். வேலை முடிந்ததும் செட்டின் உள்பக்கத்தில் மார்க்கரால் "நேர் வயர், எல்ஈடி மட்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது பழைய வாயு டியூப் ஒன்றை அதில் ஏற்றினால், ஒரே முனைக்கு வயர் கொடுத்த செட்டில் அதன் இழை நேராக 230 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும், டியூப் அந்த நொடியே போய்விடும்.

பழுதான சோக்குக்குப் பதில் புதிய சோக் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 36 வாட் டியூபோடு சோக்கும் சேர்ந்தால் 40 வாட்டுக்கு மேலே போகும், அதே வேலைக்கு எல்ஈடி 18 வாட். அதோடு பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் பாதரசம் உள்ள வாயு டியூபுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவோடு நிறுத்த 2023ல் முடிவெடுத்திருக்கின்றன, இனி அந்த டியூப் கிடைப்பதும் குறையும்.

டவுன்லைட், பேனல் லைட்

சீலிங்குக்குள் புதைந்து நிற்பது டவுன்லைட், தட்டையாக வட்டமாகவோ சதுரமாகவோ இருப்பது பேனல். பேனலில் இரண்டு வகை, ஓட்டை வெட்டிப் பூட்டுவது ஒன்று, மேலே ஒட்டிப் பூட்டும் சர்ஃபேஸ் வகை இன்னொன்று. கொங்கிரீட் சீலிங் உள்ள ஃபிளாட்டுக்கு சர்ஃபேஸ் மட்டும்தான் சரிவரும். ஓட்டை வெட்டும் வகையில் பெட்டியில் இரண்டு அளவு இருக்கும். பெரியது முகத்தின் அகலம், சின்னது கட் அவுட், அதாவது ஓட்டையின் அளவு. பழைய லைட்டை இறக்கி ஓட்டையை டேப்பால் அளந்துகொண்டு போய்க் கட் அவுட்டைச் சொல்லிக் கேளுங்கள். வாட் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டை மாறும்.

டிரைவர் என்பது லைட்டோடு வயரில் வரும் சின்னப் பெட்டி. இடி மின்னலுக்கு முதலில் போவது அதுதான். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி முழக்கத்துக்கு லைட் செத்தால், லைட்டைத் தூக்கியெறிய முன் டிரைவரில் அடித்திருக்கும் வாட்டையும் மில்லி அம்பியரையும் எழுதிக்கொண்டு போங்கள், தனியாக டிரைவர் கிடைக்கும்.

பாத்ரூமுக்கும் பல்கனிக்கும் ஐபி எண் பாருங்கள். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. பாத்ரூமுக்கு ஐபி44, மழை நேராக அடிக்கும் இடத்துக்கு ஐபி65.

பின்சேர்க்கை: வாசித்தவர்கள் கேட்டவை

ஸ்விட்சை ஓஃப் பண்ணிய பிறகும் எல்ஈடி மங்கலாக எரிகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஸ்விட்சில் சின்னச் சிவப்பு லைட் இருக்கிறதா பாருங்கள், அதன் வழியாகப் போகும் துளிக் கரண்டே எல்ஈடியை மினுக்கப் போதும். அது இல்லையென்றால் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கலாம், பாஸை அழைத்து லைவுக்கு மாற்றச் சொல்லுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் இல்லாமல் வயர்கள் நீளமாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதாலும் இப்படி வரும், அதில் ஆபத்தில்லை.

கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் பற்றரியில் எரியும் சார்ஜிங் பல்ப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2022ல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோது எல்லா வீட்டிலும் வாங்கிய அதே பல்ப்தான், 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருட்டானபோதும் உதவியது. கரண்ட் போனால் தானாக எரிய அதன் சுவர் ஸ்விட்ச் ஓனில் இருக்கவேண்டும். ஸ்விட்ச் ஓஃப் என்றால் நீங்கள்தான் அணைத்தீர்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். ஹோல்டரிலிருந்து கழற்றி அடியின் இரண்டு முனையையும் ஒரு விரலால் தொட்டாலும் எரியும், டோர்ச்சாகப் பாவிக்கலாம். மெயின் ஓஃப் ஆன வீட்டில் வேறு சாமான் ஒன்றும் லைனில் இல்லையென்றால் சிலவேளை எரியாது, அது பழுதல்ல. எரியாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் பற்றரி போய்விடும், ஆகவே அதை ஒரு ஹோல்டரில் போட்டு நாளாந்தம் பாவியுங்கள்.