பாசில வச்சு பாறையையும் கண்டத்தையும் ஜோடி சேர்க்குறது எப்படி?

"சித்தி, ஆப்பிரிக்காவும் தென்னமெரிக்காவும் ஒட்டி இருந்துச்சுன்னு சொல்றாங்களே, யாரு போய் பாத்தா?"ன்னு அக்கா பொண்ணு லீவுல கேட்டா. வாயால சொல்லி புரியல, அதனால பேப்பர், கத்தரின்னு எடுத்துட்டு தரையில உக்காந்துட்டோம். அன்னைக்கு செஞ்சது தான் இது. பாசில்னா பாறைக்குள்ள கல்லாகிப்போன பழங்கால ஜீவன், இல்ல அதோட அச்சு. அத வச்சு முதல்ல பாறையோட பாறைய சேர்ப்போம், அப்புறம் கண்டத்தோட கண்டத்த.

வேணுங்கறது: வெள்ளைப் பேப்பர், கலர் பென்சில், கத்தரி, குண்டூசி, ஒரு தெர்மாகோல் அட்டை, உலக மேப் ஒரு பிரிண்ட் அவுட் (எந்த மாதிரி மேப்னு ஸ்டெப் 5-ல பாத்துட்டு எடுங்க).

ஸ்டெப் 1: மூணு சாட்சிய தெரிஞ்சுக்கோங்க

மூணுமே கடல்ல வாழ்ந்த ஜீவன். முதல் ஆளு ட்ரைலோபைட். உடம்பு முழுக்க வரி வரியா இருக்கும், பயந்தா மரவட்டை மாதிரி சுருண்டுக்கும், சுமார் 25 கோடி வருஷம் முன்னாடி மொத்தமா அழிஞ்சுபோச்சு. அடுத்தது அம்மோனைட். சில வீட்டு பூஜை ரூம்ல சாளக்கிராமம் இருக்கும்ல, அந்த கறுப்புக் கல்ல உடைச்சா உள்ள சக்கரம் மாதிரி சுருள் இருக்கும், அது அம்மோனைட்டோட அச்சு தான். பாக்க நத்தை மாதிரி இருந்தாலும் சொந்தம் என்னவோ கணவாய்க்கு. டைனோசர் போனப்பவே, 6.6 கோடி வருஷம் முன்னாடி, இதுவும் போயிடுச்சு. மூணாவது நம்முலைட், காசு மாதிரி வட்டமா இருக்கும், டைனோசர்லாம் போனதுக்கு அப்புறம் வந்தது. எகிப்து பிரமிடு சுண்ணாம்புக்கல்லுல இது கொட்டிக் கிடக்கு.

ஸ்டெப் 2: மூணு கிணறு வரைங்க

ஊரு ஊரா தள்ளித் தள்ளி தோண்டின கிணறுன்னு வச்சுக்கோங்க. கீழ இருந்து மேல வரைங்க, ஏன்னா அடியில இருக்கறது தான் முதல்ல படிஞ்சது, தோசை அடுக்குற மாதிரி.

கிணறு 1: கறுப்பு ஷேல்ல (சேறு இறுகின பாறை) ட்ரைலோபைட், அதுக்கு மேல சிவப்பு மணற்கல்லுல அம்மோனைட், மேல வெள்ளை சுண்ணாம்புக்கல்லுல நம்முலைட்.
கிணறு 2: கறுப்பு ஷேல்ல ட்ரைலோபைட், அதுக்கு மேல வெள்ளை சுண்ணாம்புக்கல்லுல அம்மோனைட், மேல சாம்பல் களிமண்ணுல நம்முலைட்.
கிணறு 3: கறுப்பு ஷேல்ல ட்ரைலோபைட், அதுக்கு மேல நேரா வெள்ளை சுண்ணாம்புக்கல்லுல நம்முலைட். அவ்ளோதான்.

ஸ்டெப் 3: கோடு போட்டு இணைங்க

இங்க தான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க. அக்கா பொண்ணும் கலரப் பாத்து வெள்ளையையும் வெள்ளையையும் இணைச்சா. தப்பு. சுண்ணாம்புக்கல் எந்தக் காலத்துலயும் படியும், ஒரே சமயத்துல ஒரு இடத்துல மணல் படியும் இன்னொரு இடத்துல சேறு படியும், அதனால கலர நம்பாதீங்க, உள்ள இருக்கற ஜீவன நம்புங்க. அம்மோனைட்ட அம்மோனைட்டோட சேருங்க. இப்ப கிணறு 3-ல நடு அடுக்கையே காணோம்னு தெரியுதா? ஒண்ணு அங்க அப்ப எதுவும் படியல, இல்ல படிஞ்சது அரிச்சுட்டுப் போயிடுச்சு. பாசில் இல்லன்னா அந்த ஓட்டை கண்ணுக்கே பட்டிருக்காது.

இதக் கண்டுபிடிச்சது காலேஜ் புரொபசர்லாம் இல்ல, இங்கிலாந்துல கால்வாய் வெட்ட சர்வே எடுத்த வில்லியம் ஸ்மித். தோண்டுற இடத்துலல்லாம் பாசில் ஒரே வரிசையில வர்றத கவனிச்சு, 1815-ல நாட்டுக்கே பாறை மேப் போட்டுட்டாரு. நிஜ வேலையில ட்ரைலோபைட்னு பொத்தாம்பொதுவா சொன்னா பத்தாது, எந்த இனம்னு பாக்கணும், ஏன்னா மொத்தக் கூட்டமும் பல கோடி வருஷம் இருந்துச்சு, ஒரு இனம் மட்டும் தான் கொஞ்ச காலம்.

ஸ்டெப் 4: இப்ப சாட்சிய மாத்துங்க

இது எனக்கே லேட்டா தான் புரிஞ்சுது. பாறைய ஜோடி சேர்க்க, கடல் முழுக்க பரவுற ஜீவன் வேணும். கண்டம் நகந்துச்சுன்னு காட்ட அப்படியே உல்டா, கடலத் தாண்டவே முடியாத ஜீவன் வேணும். அம்மோனைட் ரெண்டு கண்டத்துல கிடைச்சா என்ன, நீந்திப் போயிருக்கும்.

அதனால இந்த நாலு பேர எடுத்துக்கோங்க. மீசோசாரஸ்: சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள சின்ன நீர்ப் பிராணி, பிரேசில் பக்கமும் ஆப்பிரிக்காவோட தெற்குலயும் மட்டும் தான், அட்லாண்டிக்க தாண்டுற உடம்பே இல்ல. லிஸ்ட்ரோசாரஸ்: பன்னி மாதிரி குட்டையான தரைப் பிராணி, தென்னாப்பிரிக்கா, நம்ம வங்காளத்து ராணிகஞ்ச் பக்கம், அண்டார்டிகா. சைனோநாதஸ்: இதுவும் தரைப் பிராணி தான், அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா. கடைசியா குளோசோப்டெரிஸ், நாக்கு வடிவத்துல இலை உள்ள மரம், நடுவுல ஒரு நரம்பு, சுத்தி வலை மாதிரி நரம்பு, தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா அஞ்சுலயும் இருக்கு. தென்துருவம் போய்த் திரும்புற வழியில செத்துப்போன ஸ்காட் குழு, 1912-ல சாகுற நிலைமையிலயும் 16 கிலோ கல்ல விடாம இழுத்துட்டு வந்தாங்க, அதுல இந்த இலை இருந்துச்சு. அந்தக் குளிர்ல மரமா? அதுவே ஒரு கேள்வி தான?

ஸ்டெப் 5: வெட்டுங்க, ஒட்ட வைங்க

தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஆறையும் வெட்டுங்க. நான் முதல்ல சாதா ஸ்கூல் மேப்புல வெட்டினேன், அண்டார்டிகா ரிப்பன் மாதிரி நீட்டா வந்து எங்கயும் உக்காரல, அரை மணி நேரம் வேஸ்ட். தென்துருவத்துக்கு மேல இருந்து பாக்குற மேப் எடுங்க. கரையோரமா வெட்டாம, கடலுக்கடியில கண்டம் முடியுற இடம் வரைக்கும் கொஞ்சம் விட்டு வெட்டினா இன்னும் நல்லா பொருந்தும்.

நாலு பாசிலுக்கும் நாலு கலர் பூசுங்க. பிரேசிலோட மூக்க ஆப்பிரிக்காவோட அக்குள்ல சொருகுங்க, இந்தியாவோட கிழக்குக் கரை அண்டார்டிகா பக்கம், மேற்குக் கரை மடகாஸ்கர் பக்கம். கலர் பட்டையெல்லாம் ஒரு துண்டுல இருந்து அடுத்த துண்டுக்கு விடாம ஓடும்.

அந்தக் காலத்துல சிலர், கண்டத்துக்கு நடுவுல நிலப்பாலம் இருந்து முழுகிடுச்சுன்னு சமாளிச்சாங்க. 1912-ல ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வேகனர் கண்டமே நகருதுன்னு சொன்னப்ப, எந்த சக்தி நகத்துதுன்னு அவரால காட்ட முடியல, ஓரங்கட்டிட்டாங்க. கடல்தளம் விரியுதுன்னு 1960-கள்ல தெரிஞ்சப்புறம் தான் பெரும்பாலானவங்க ஒத்துக்கிட்டாங்க. அவரு 1930-லயே கிரீன்லாந்து பனியில செத்துட்டாரு.

ஸ்டெப் 6: பசை போடாதீங்க

குண்டூசி போதும், ஏன்னா இன்னும் ஒரு வேலை இருக்கு. இந்தியாவ மட்டும் கழட்டி மெதுவா வடக்க தள்ளி ஆசியா மேல முட்ட விடுங்க, பேப்பர் ஓரம் மடங்கி மேல எழும்பும். இடையில இருந்த கடலோட அடியில படிஞ்சதெல்லாம் நசுங்கி இமயமலையாச்சு, அந்தக் கடல்ல நீந்தின அம்மோனைட் தான் நேபாளத்து கண்டகி ஆத்துல உருண்டு சாளக்கிராமமா பூஜை ரூமுக்கு வந்திருக்கு.