இன்வேட்டர் வாங்கப்போறியளோ? ஆக்கள் வழமையா விடுற பிழையள்

2022இல இலங்கையில 13 மணித்தியாலக் கரண்ட் கட்டைக் கண்ட சனம் நாங்கள், இன்வேட்டர் எண்டா என்னெண்டு ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனா கடையில போய்க் கேக்கிறது மட்டும் இன்னும் "அண்ணை, 1000 வாட்ஸ் என்ன விலை?" எண்டுதான். உதில என்னத்தைக் கொழுவப்போறம், எவ்வளவு நேரம் ஓடவேணும் எண்டு ஒரு பேப்பரில எழுதிக்கொண்டு போகாட்டி கடைக்காரர் தன்னட்ட கிடக்கிறதைத் தலையில கட்டி விடுவார், அவரைக் குறை சொல்லவும் ஏலாது.

எழுதிப் பாருங்கோ. 9 வாட்ஸ் எல்இடி பல்ப் நாலு எண்டா 36. சீலிங் ஃபேன் 70 கிட்ட, ரீவி 80, றவுட்டர் 12, லப்டொப் 65. எல்லாம் சேத்து 263 தான் வருது. உப்பிடியான வீட்டுக்கு 500 வாட்ஸ் தாராளமாக் காணும். "எதுக்கும் இருக்கட்டும்" எண்டு 2000 வாட்ஸ் வாங்கினா அது ஒண்டும் கொழுவாமல் சும்மா நிக்கேக்கயே 20 வாட்ஸ் அளவில குடிக்கும், ஒரு நாள் முழுக்க ஓனில விட்டா 480 வாட்-மணி (வாட்ஸை மணித்தியாலத்தால பெருக்கினது) போச்சு. அது ஒரு பற்றரியில எவ்வளவு பங்கு எண்டு கீழ சொல்லுறன்.

பெட்டியில இருக்கிற நம்பரை அப்பிடியே நம்புறது அடுத்த பிழை. 1000 விஏ (வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கின கணக்கு) எண்டு போட்டிருந்தா அது 1000 வாட்ஸ் இல்லை, பவர் ஃபக்டர், அதாவது அதில வாட்ஸா வாற பங்கு, 0.8 எண்டா 800 தான். மலிவுப் பெட்டியள்ல பெரிசா அடிச்சிருக்கிற நம்பர் பீக், அதாவது ஒரு சில செக்கன் தாங்கிறது. தொடர்ந்து தாறது சிலவேளை அதில அரைவாசிதான், அது சின்ன எழுத்தில எங்கயாவது கிடக்கும், தேடிப் பாருங்கோ.

இப்ப மோட்டர் கதைக்கு வருவம், இதிலதான் கனபேர் மாட்டுப்படுறது. பிரிட்ஜ் ஓடேக்க 120 வாட்ஸ்தான் எடுக்கும், ஆனா கொம்பிரசர் ஸ்ராட் ஆகிற அந்தக் கணத்தில அதைவிட அஞ்சாறு மடங்கு இழுக்கும், அதைத் தாங்காட்டி இன்வேட்டர் கீ கீ எண்டு கத்திப்போட்டு நிண்டிடும். கிணத்து மோட்டர் இன்னும் மோசம். அரை எச்பி எண்டா 373 வாட்ஸ் தானே எண்டு கணக்குப் பாப்பினம், அது மோட்டர் வெளியில தாற வேலை, கரண்டில எடுக்கிறது 550, 600 வரும், ஸ்ராட்டிங்கில 2000ஐத் தாண்டவும் கூடும். என்னைக் கேட்டா மோட்டரை விட்டிடுங்கோ, கரண்ட் இருக்கேக்க டாங்க்கை நிரப்பி வையுங்கோ. கேத்தில், ரைஸ் குக்கர், அயன் எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

பிரிட்ஜோ ஃபேனோ கொழுவிறதெண்டா பியூர் சைன், அதாவது மெயின் கரண்ட் மாதிரியே ஒழுங்கான அலையாத் தாறது எடுங்கோ. அலையைப் படிபடியா வெட்டித் தாற மொடிஃபைட் சைனில மோட்டர் இரைஞ்சு கொண்டே சூடாகும், எங்கட வெக்கைக்கு அது வேற.

பற்றரியைப் பாக்காமல் இன்வேட்டரை மட்டும் பாக்கிறவைக்கு என்ன சொல்லுறது எண்டே தெரியேல்ல. 12 வோல்ட் 100 ஏஎச் (அம்பியர்-மணி) எண்டா பேப்பரில 1200 வாட்-மணி. லெட் அசிட் பற்றரி கனகாலம் இருக்கவேணும் எண்டா அதில அரைவாசி, 600தான் எடுக்கலாம் (மேல சொன்ன 2000 வாட்ஸ் பெட்டி சும்மா குடிக்கிற 480 இதில அஞ்சில நாலு பங்கு), இன்வேட்டரில போற நட்டத்தையும் கழிச்சா 500 அளவில கைக்கு வரும். மேல சொன்ன வீட்டுக்கு அது ரெண்டு மணித்தியாலம் கூட வராது. அதோட அந்த 100 ஏஎச் எண்டது வழமையா 20 மணித்தியாலத்தில மெல்ல மெல்ல இறக்கினா வாற கணக்கு, ஒரேயடியா இழுத்தா இன்னும் குறையும். கார் பற்றரியைக் கழட்டிக் கொழுவிறதும் நடக்குது, அது ஸ்ராட் பண்ண மட்டும் செய்தது, நாலஞ்சு தரம் அடிவரைக்கும் இறக்கினா பழுதாகத் தொடங்கிடும். லித்தியத்தில 80 வீதம் எடுக்கலாம், ஆனா உள்ளுக்க இருக்கிற பிஎம்எஸ் (பற்றரியைக் காக்கிற சேர்க்கிட்) எத்தனை அம்பியர் விடும் எண்டு கேளுங்கோ. 12.8 வோல்ட் லித்தியத்தில 50 அம்பியர் பிஎம்எஸ் எண்டா 640 வாட்ஸுக்கு மேல வராது, நீங்கள் எவ்வளவு பெரிய இன்வேட்டர் வச்சிருந்தாலும் சரி.

வயரும் அப்பிடித்தான். 12 வோல்ட்டில 1000 வாட்ஸ் எடுக்கேக்க 100 அம்பியர் கிட்டப் போகும். போய்வர நாலு மீற்றர் 6 எம்எம் வயர் எண்டா, சுட்டுப் பத்துற ஆபத்து ஒரு பக்கம், வயருக்குள்ளயே 1.2 வோல்ட் விழும். பற்றரி நல்லாத்தான் இருக்கும், இன்வேட்டர் பற்றரி லோ எண்டு கத்தும், சனம் புதுப் பற்றரி வாங்க ஓடும். 35 எம்எம் போட்டா 0.2 தான் விழும். பற்றரிக்குக் கிட்ட ஒரு ஃபியூஸ் கட்டாயம். ஆயிரத்துக்கு மேல போறதெண்டா 24 வோல்ட் சிஸ்டம் எடுங்கோ, அம்பியர் அரைவாசியாகும்.

இன்னொண்டு, சுவர் பிளக்கில இன்வேட்டர் கரண்டைத் திருப்பிக் குத்தி வீடு முழுக்க எரிய வைக்கிற வேலை. மெயின் சுவிச்சை நிப்பாட்ட மறந்தா லைன் திருத்திற ஆளுக்கு அடிக்கும், கரண்ட் வந்த உடன உங்கட இன்வேட்டரும் போகும். மெயின் கரண்ட், இன்வேட்டர் ரெண்டில ஒண்டை மட்டும் வீட்டுக்கு விடுற சேஞ்ச் ஓவர் சுவிச் ஒண்டை எலக்ட்ரீசியனைக் கொண்டு போடுவிச்சுப் போட்டுப் பாவியுங்கோ.