போர்சலின்ல டிராகன் பண்ணப் போறீங்களா, முதல்ல இதைப் படிங்க

சாதா களிமண்ல நாலு கப்பு ஒழுங்கா வந்துட்டா அடுத்து போர்சலின், அதாவது வெள்ளைப் பீங்கான் பண்ற ஆசை வந்துடும், எனக்கும் வந்துச்சு, முதல்ல பண்ண ஆறுல அஞ்சு குப்பைக்குப் போச்சு. ரெண்டும் ஒரே மண்ணுதானேன்னு நெனச்சதுதான் தப்பு. இதுல முக்கியச் சரக்கு கயோலின்ங்கிற வெள்ளைக் களிமண், சீனாவுல பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் ஊர் பக்கத்துல இருக்குற காவோலிங்ங்கிற இடத்துலருந்து வந்த பேரு, போர்சலின் மண்ணு இழுத்த இழுப்புக்கு வராது, நாம பண்ணதை மறக்கவும் செய்யாது. கைப்பிடி கோணிடுச்சுன்னு நிமிர்த்தி ஒட்டிட்டு நிம்மதியா இருப்போம், சூளைக்குள்ள போனதும் பழைய கோணலுக்கே திரும்பிடும். அதை எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு பண்ணி ஒட்டுறதுதான் நல்லது.

தாமரை இலை, பூ இதழ்னு இயற்கை டிசைன் போடுறவங்க ஓரத்தை மெல்லிசா இழுத்து அகலமா விரிச்சு விட்டுடுவாங்க, ஆனா 1,300 டிகிரி பக்கம் போனா மண்ணே இளகும், இலை வாடித் தொங்கிடும். அடிப்பக்கம் கொஞ்சம் தடிமனா விட்டு ஓரத்தை மட்டும் மெல்லிசாக்குங்க. சுருக்கத்தையும் கணக்குல வைங்க, 10 செ.மீ. கப்பு கடைசியில எட்டரைக்கு வந்து நிக்கலாம். செம்மண்ணுக்கு யூஸ் பண்ண ஸ்பாஞ்சை இதுக்கு எடுக்கவே எடுக்காதீங்க, பழுப்புப் புள்ளி விழுந்துடும்.

நீலத்துக்கு கோபால்ட் தீட்டுறப்போ அது கருப்பாவோ சாம்பலாவோதான் தெரியும், நீலமே காணோமேன்னு மேல மேல தீட்டினா சுட்டதுக்கப்புறம் கரி பிடிச்ச மாதிரி வந்து நிக்கும்.

வரையுற படத்தோட கதை விஷயத்துலதான் எனக்குக் கோபமே வரும். சீன டிராகன் வாயிலருந்து நெருப்பு கக்காதுங்க! அது மழைக்கும் தண்ணிக்கும் உரியது, சுத்தி மேகமும் அலையும் போடுங்க. நகத்தையும் எண்ணிப் போடுங்க, அஞ்சு நகம் வெச்சது மிங், சிங் ராஜ வம்சங்க காலத்துல ராஜாவுக்குன்னே ஒதுக்கினது. சீனக் கதைகள்ல வர்ற ஃபெங்ஹுவாங் பறவையை சாம்பல்லருந்து எழுந்து வர்ற பறவையா வரையுறாங்க, அது வேற ஊர் கதை, இது டிராகனுக்கு ஜோடியா ராணிக்கு அடையாளமா வர்றது. டிராகன் வாசல்ங்கிற கதை அருவியைத் தாண்டுற கெண்டை மீன் போடுறதா இருந்தா அது தண்ணியை எதிர்த்து மேல துள்ளணும், அப்படித் தாண்டினாத்தான் டிராகனா மாறும், கீழ் நோக்கி நீந்துற மாதிரி போட்டா கதையே போச்சு.

இன்னொண்ணு, ஆரம்பத்துலயே பெரிய ஜாடிக்குப் போகாதீங்க. மிங் வம்சத்து வான்லி ராஜா காலத்துல அரண்மனைக்குக் கேட்ட பெரிய டிராகன் தொட்டி திரும்பத் திரும்ப வெடிச்சுப் போக, துங் பின்ங்கிற குயவர் சூளை நெருப்புல குதிச்சுட்டாராம், மறுநாள் தொட்டி முழுசா வந்துச்சாம், ஜிங்தேஜென்ல அவரை சூளை தெய்வமா கும்பிடுறாங்க. நாம குதிக்க வேண்டாம், சக்கரத்துல இருக்கும்போதே அடியை நல்லா அழுத்தி விட்டு, விளிம்பு முந்திக் காயாம பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி, ஒரு வாரம் தொடாம இருந்தாலே பாதி விரிசல் வராது.