சைக்கிளில் குழந்தை சீட்டு: பிள்ளையின் காலை முதலில் கவனியுங்கள்

முன் பாரில் மாட்டும் கம்பி சீட்டு விலை குறைவுதான். ஆனால் அதில் காலைத் தடுக்க ஒன்றுமே இல்லை. சைக்கிளில் போகும் பிள்ளைகளின் கால் சக்கரக் கம்பிக்குள் சிக்கினால் குதிகால் தோல் கிழியும், எலும்பும் முறியலாம். அதனால் பாதத்தைச் சுற்றி மறைப்பும் கட்டுப் பட்டையும் உள்ள சீட்டாகப் பாருங்கள். கடையிலேயே குழந்தையை உட்கார வைத்துக் காலை ஆட்டச் சொல்லுங்கள். சக்கரத்தை எட்டவே கூடாது. உங்கள் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருந்தால் அதையும் மூடிவிடுங்கள், பின்னால் இருக்கும் பிள்ளை விரலை விடும்.

பின் சீட்டுகள் பல 22 கிலோ வரை தாங்கும், முன் சீட்டு 15 கிலோவோடு சரி. கேரியர் தாங்குமா என்றும் கேளுங்கள். தானாக நிமிர்ந்து உட்காராத குழந்தைக்கு எந்தச் சீட்டும் வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம்.

அப்புறம், முதலில் பிள்ளையின் எடைக்கு அரிசிப் பையைச் சீட்டில் கட்டித் தெருவில் ஓட்டிப் பழகுங்கள். சேலத்து வெயிலில் பட்டையின் பக்கிள் சுடும், தொட்டுப் பார்த்து மாட்டுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுள்ள ஏற்காடு பாதைக்குப் பிள்ளையோடு போகவே வேண்டாம். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் குழந்தையை விட்டு நகராதீர்கள். பால் வாங்கப் போனாலும் இறக்கிக் கூட்டிப் போங்கள்.