பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுலயே சரி பண்ணி எடையும் குறைக்கிறது எப்படி

ஸ்பேனர் எடுக்குறதுக்கு முன்னாடி தராசு எடுங்க. சின்ன சாமானுக்கு கொக்கியில தொங்கவிடுற டிஜிட்டல் தராசு, பெருசுக்கு நாம ஏறி நின்னு எடை பாக்குற மெஷின், இந்த ரெண்டும் போதும். பழைய காரை ரீஸ்டோர் பண்றதுன்னா எப்படியும் முக்கால்வாசி சாமானை கழட்டித்தான் ஆகணும், கழட்டுறப்பவே ஒவ்வொண்ணையும் நிறுத்து நோட்டுல எழுதிட்டே வந்தீங்கன்னா எங்க கனம் ஒளிஞ்சிருக்குன்னு தானா தெரிஞ்சிடும். இதை விட்டுட்டு ஆரம்பிக்கிறவங்க என்ன பண்றாங்கன்னா, பிராக்கெட்ல ஓட்டை போட்டு 200 கிராம் குறைக்க நாள் முழுக்க மெனக்கெடுறாங்க, டிக்கியில 15 கிலோ ஸ்டெப்னி அப்படியே கிடக்கு.

எடை ஏன் இவ்ளோ முக்கியம்னா கணக்கு ரொம்ப சிம்பிள். 1000 கிலோ கார், 100 குதிரைத்திறன் இன்ஜின்னு வைங்க. 80 கிலோ குறைச்சா, அதே 1000 கிலோ காருல கிட்டத்தட்ட 109 குதிரைத்திறன் இருந்தா எப்படி இழுக்குமோ அப்படி இழுக்கும். இன்ஜின் பவரை ஏத்துனா ஆக்சிலரேட்டரை மிதிக்கிறப்ப மட்டும்தான் பலன், எடை குறைஞ்சா பிரேக், வளைவு, டயர் தேய்மானம், பெட்ரோல்னு எல்லாத்துலயும் பலன். 1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 இதுக்கு நல்ல உதாரணம். மெல்லிசான தகடு, மெல்லிசான கண்ணாடி, பின் சீட் கிடையாது, கதவைத் திறக்க உள்ள ஒரு பட்டை மட்டும்தான், இப்படி சின்னச் சின்னதா சேர்த்தே அதோட டூரிங் வெர்ஷனை விட லைட்வெயிட் வெர்ஷன் சுமார் 100 கிலோ கம்மியா வந்துச்சு. 1989ல வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வெறும் 1.6 லிட்டர் இன்ஜினை வச்சுக்கிட்டு இன்னிக்கும் ஓட்ட அவ்ளோ சுகமா இருக்குன்னா அது 1000 கிலோவுக்குள்ள நின்னதாலதான்.

வீட்டுல பண்றப்ப நான் விடாம பிடிச்சுக்கிற விதி ஒண்ணுதான், முதல்ல சரி பண்ணு, அப்புறம் லைட் பண்ணு. பழைய காருல இருந்த பலத்துல பாதியை துரு ஏற்கனவே தின்னிருக்கும், மிச்சம் இருக்குறதுல இருந்து நாமளும் எடுத்தா வண்டி வளைவுல முறுக்கிக்கும், இடிச்சா தாங்காது.

அதனால துருவுல இருந்து ஆரம்பிப்போம். கதவுக்குக் கீழ ஓடுற சில், ஜாக்கி வைக்கிற இடம், வீல் ஆர்ச்சோட உள் பக்கம், முன்னாடி ஷாக் அப்சார்பர் மேல வந்து மாட்டுற டவர், பேட்டரி தட்டு, விண்ட்ஷீல்டோட கீழ் ஓரம், கார்ப்பெட்டுக்கு அடியில ஃப்ளோர், இந்த இடமெல்லாம் கட்டாயம் பாக்கணும். கையில ஒரு சின்ன காந்தமும் ஸ்க்ரூடிரைவரும் வச்சுக்கோங்க. காந்தம் ஒட்டலைன்னா பெயின்ட்டுக்கு அடியில தகடு இல்ல, பட்டி தடவி மூடியிருக்காங்கன்னு அர்த்தம், அதுக்கு அலுமினியம், ஃபைபர் பாகம் மட்டும்தான் விதிவிலக்கு. ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, உள்ள போச்சுன்னா அந்த இடத்தை வெட்டித்தான் ஆகணும். சஸ்பென்ஷன் மாட்டுற இடத்துல துரு ஓட்டை இருந்தா அதை சரி பண்ணாம அடுத்த வேலைக்குப் போகவே கூடாது.

மேலோட்டமான துருன்னா வயர் பிரஷ், எமரி ஷீட் போட்டு தேய்ச்சு, பாஸ்பாரிக் ஆசிட் இருக்குற ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி, எபாக்ஸி பிரைமர் அடிச்சா போதும். ஓட்டை விழுந்ததுன்னா நல்ல தகடு தெரியிற வரைக்கும் கிரைண்டர்ல வெட்டி எடுத்துட்டு அதே கனத்துல புது தகடை மிக் வெல்டிங் (மெல்லிசான கம்பி தானா வந்துட்டே இருக்குற மெஷின்ல பண்ற வெல்டிங்) பண்ணணும், ஒரே இழுவையா வெல்டு போட்டா சூட்டுல தகடு நெளிஞ்சிடும், அதனால இங்க ஒரு பொட்டு அங்க ஒரு பொட்டுன்னு தள்ளித் தள்ளி வச்சு ஆறவிட்டு ஆறவிட்டு சேர்க்கணும். கூரை இல்லாத கார்னா சில்லை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு திறப்புக்குக் குறுக்க ஒரு இரும்புக் குழாயை டேக் போட்டு, அதாவது தற்காலிகமா சின்னப் பொட்டு வெல்டு வச்சு நிறுத்துங்க, இல்லன்னா பாடி நடுவுல தொய்ஞ்சு அப்புறம் கதவே மூடாது. வெல்டிங் முடிஞ்ச பிறகு தகடு சேருற இடத்தை அடைக்கிற சீம் சீலர், பெயின்ட், கடைசியா பாக்ஸ் மாதிரி மூடியிருக்குற பாகத்துக்குள்ள கேவிட்டி வாக்ஸ். வெளிய பெயின்ட் பளபளன்னு இருந்தாலும் உள்ள வாக்ஸ் அடிக்கலைன்னா கொஞ்ச வருஷத்துல துரு அதே இடத்துல திரும்ப வரும்.

இங்க ஒரு எச்சரிக்கை, தயவு செஞ்சு படிச்சிட்டுப் போங்க. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்ச இடத்துல வெல்டிங் பண்ணா பாஸ்ஜீன்ங்கிற விஷவாயு வரும், கொஞ்சம் உள்ள போனாலே நுரையீரல் போயிடும். வெல்டு பண்ற இடத்தை அசிட்டோன்ல துடைங்க, முழுசா காய்ஞ்ச பிறகு ஆர்க் அடிங்க. பேட்டரியை கழட்டிடுங்க, பெட்ரோல் டேங்க் கிட்ட வேலைன்னா டேங்கையே இறக்கி தூரமா வைங்க. வண்டிக்கு அடியில போறப்ப ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, ரெண்டு பக்கமும் ஆக்சில் ஸ்டாண்ட் வைங்க, ஹாலோ பிளாக் கல் திடீர்னு நொறுங்கும், அதை வைக்கவே வைக்காதீங்க. ரொம்ப பழைய வண்டியோட பிரேக் தூசுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஏர் பிடிச்சு ஊதாம ஈரத்துணியால துடைச்செடுங்க.

போல்ட் கழட்டுறதுக்கு பொறுமை வேணும். முந்தின நாளே பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊறவிடுங்க, வரலைன்னா சூடு காட்டுங்க, அதுக்கு மேலயும் முரண்டு பிடிச்சா கொஞ்சம் இறுக்கி கொஞ்சம் தளர்த்தி முன்னும் பின்னுமா அசைச்சு எடுங்க, ஒரே மூச்சுல திருகுனா தலை முறிஞ்சிடும் இல்ல மரை போயிடும். ஜப்பான் கார்னா அதுல இருக்குற ஸ்க்ரூ பாக்க ஸ்டார் மாதிரி இருந்தாலும் ஜேஐஎஸ்ங்கிற ஜப்பான் தர அளவு, சாதாரண பிலிப்ஸ் முனை போட்டா வழுக்கி தலையை தின்னுடும், ஜேஐஎஸ் டிரைவர் தனியா வாங்கிக்கோங்க. கழட்டுனதும் முடிஞ்ச வரைக்கும் போல்டை அது இருந்த ஓட்டையிலயே கையால ரெண்டு சுத்து மாட்டி வச்சிடுங்க, மிச்சத்தை கவர்ல போட்டு பேர் எழுதி, ஒவ்வொரு கட்டத்துலயும் போட்டோ எடுத்துக்கோங்க.

அடுத்து ரப்பரும் திரவமும். பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், கூலன்ட் ஹோஸ், சஸ்பென்ஷன் மூட்டுல இருக்குற ரப்பர் புஷ் எல்லாத்தையும் மொத்தமா மாத்திடுங்க. பழைய பெட்ரோல் ஹோஸ் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது, வெடிச்சு சூடான இன்ஜின் மேல ஒழுகுனா தீதான். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். டைமிங் பெல்ட் (வால்வு திறந்து மூடுறதை பிஸ்டனோட ஒத்துப் போக வைக்கிற பெல்ட்) இருக்குற இன்ஜின்னா எவ்ளோ கம்மியா ஓடியிருந்தாலும் புதுசு போடுங்க, நிறைய இன்ஜின்ல பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். டயரோட பக்கவாட்டுல 4 இலக்க எண் இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது, ரோட்டைத் தொடுற கட்டை எவ்ளோ ஆழமா இருந்தாலும் 10 வருஷம் தாண்டுன டயர்ல வேகமா போகாதீங்க.

இப்போ எடைக்கு வருவோம். முதல்ல காசே செலவில்லாதது. டிக்கியை காலி பண்ணுங்க, ஸ்டெப்னிக்கு பதிலா பஞ்சர் கிட்டும் சின்ன ஏர் பம்பும் வச்சா 10ல இருந்து 15 கிலோ போகும். பெட்ரோல் லிட்டருக்கு 0.74 கிலோ கிட்ட வரும், 50 லிட்டர் டேங்கை பாதி மட்டும் நிரப்புனா 18 கிலோ மிச்சம். கழட்டுன ஒரிஜினல் சாமானை தூக்கிப் போடாதீங்க, துணி சுத்தி பத்திரமா வைங்க, பழைய காருக்கு அதெல்லாம் திரும்ப கிடைக்கிறது கஷ்டம், விக்கிறப்பவும் அதுக்குத்தான் மதிப்பு.

அப்புறம் பேட்டரி. பழைய லெட் ஆசிட் பேட்டரி 15 கிலோ கிட்ட இருக்கும், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போட்டா 4, 5 கிலோல முடிஞ்சிடும். ஆனா பழைய வண்டியோட வோல்டேஜ் ரெகுலேட்டர் ஒழுங்கா இருக்கான்னு மீட்டர் வச்சு பாத்துக்கோங்க, சார்ஜிங் 14.4 வோல்ட் பக்கம் நிக்கணும், 15ஐ தாண்டுனா அந்த பேட்டரி கெட்டுடும். இன்ஜின் சூடு படுற இடத்துலயும் வேணாம். பேட்டரியை டிக்கிக்கு மாத்துறதா இருந்தா தடிமனான கேபிள் போட்டு, பேட்டரி பக்கத்துலயே பெரிய ஃபியூஸ் வைங்க.

சீட்டுதான் நிறைய பேர் கவனிக்காத இடம். மோட்டார் வச்ச பழைய சீட் ஒண்ணே 20 கிலோவைத் தாண்டும், சாயாத ஃபைபர் பக்கெட் சீட் அதுல பாதிகூட வராது. மாட்டுறப்ப ஃப்ளோருக்கு அடியில நல்ல அகலமான இரும்புத் தட்டு வச்சு தலையில 8.8ன்னு போட்டிருக்குற உறுதியான கிரேடு போல்ட்தான் போடணும், சின்ன வாஷர் போட்டா விபத்துல தகட்டைக் கிழிச்சுட்டு சீட்டோட ஆள் வந்துடுவாரு. பழைய சீட்டுல ஏர்பேக் இருந்தா பேட்டரியை கழட்டி, சர்வீஸ் மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்து அப்புறம் வயரைத் தொடுங்க.

கார்ப்பெட்டுக்கு அடியில தார் மாதிரி ஒட்டியிருக்குற, சத்தத்தைக் குறைக்கிற சவுண்ட் டெடனிங் ஷீட்டை எடுக்குறதுக்கு நான் டிரை ஐஸைத்தான் சொல்லுவேன். அது மைனஸ் 78 டிகிரி. உடைச்சு ஷீட் மேல பரப்பி கொஞ்ச நேரம் விட்டா ஷீட் விறைச்சுப் போகும், சுத்தியலால லேசா தட்டுனா பிஸ்கட் மாதிரி நொறுங்கி கையோட வந்துடும். சூடு காட்டி சுரண்டுனா ஒட்டிக்கிட்டு உயிரை வாங்கும். தடிமனான கிளவுஸ் போட்டுக்கோங்க, ஷெட் கதவு எல்லாத்தையும் திறந்து வைங்க, டிரை ஐஸ்ல இருந்து வர்றது கார்பன் டை ஆக்சைடு, அது தரையோட தேங்கி மூச்சை அடைச்சிடும், ஃப்ளோருக்குள்ள தலையை விட்டுட்டு வேலை பாக்காதீங்க. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற சுவரோட ஷீட்டை மட்டும் விட்டுடுங்கன்னு சொல்லுவேன், அது போனா சூடும் சத்தமும் சேர்ந்து தூரப் பயணத்துல வண்டி ஓட்டுற ஆசையே போயிடும்.

வீலுக்கு செலவு பண்ற காசு வீண் போகாது. சுத்துற பாகமா இருக்கிறதால, வீலோட விளிம்புல 1 கிலோ குறைஞ்சா ஆக்சிலரேட் பண்றப்ப கிட்டத்தட்ட 2 கிலோ குறைஞ்ச மாதிரி. அதுமட்டுமில்ல, ஸ்பிரிங்குக்கு கீழ இருக்குற எடை குறையிறதால மேடு பள்ளத்துல டயர் ரோட்டை விடாம பிடிக்கும். டயர்லயே பிராண்டுக்கு பிராண்டு எடை மாறும், வாங்குறப்ப அதையும் பாருங்க. பழைய மெக்னீசியம் வீல் கிடைச்சா அழகாத்தான் இருக்கும், ஆனா விரிசலைக் காட்டுற சாயம் (டை) போட்டு டெஸ்ட் பண்ணாம மாட்டாதீங்க. இன்ஜினோட சேர்ந்து சுத்துற கனமான சக்கரமான ஃப்ளைவீலை லைட்டா போடுறதும் இதே கணக்குதான், கீழ் கியர்ல நல்லா தெரியும், ரொம்ப குறைச்சா ஐடிலிங் நிக்காது, டிராஃபிக்ல ஆஃப் ஆகிட்டே இருக்கும்.

ஏசியை எடுத்தா நல்ல எடை போகும், கேஸை காத்துல திறந்து விடாம முறையா உறிஞ்சி எடுக்கச் சொல்லி அப்புறம் கழட்டுங்க. வெயில் ஊருன்னா நான் ஏசியை விட்டுடுவேன், ஓட்டவே மனசு வராத கார் எவ்ளோ லைட்டா இருந்தும் பிரயோஜனம் இல்ல. பானெட், டிக்கி மூடியை ஃபைபர்ல மாத்துனா எக்ஸ்ட்ரா லாக் பின் ரெண்டு போடுங்க. பின் கண்ணாடிக்கு பாலிகார்பனேட் போடலாம், ஒரே கனத்துல கண்ணாடியோட பாதி எடைதான், ஆனா கீறாம இருக்க ஹார்டு கோட்டிங் இருக்குறதா வாங்கணும், தின்னர் பட்டா வெடிப்பு விடும். முன் விண்ட்ஷீல்டு, நடுவுல பிளாஸ்டிக் ஷீட் வச்ச ஒட்டுக் கண்ணாடியாவே (லேமினேட்டட்) இருக்கட்டும். ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு உங்க ஊர் சட்டம் இதையெல்லாம் விடுமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

கை வைக்கவே கூடாதது கதவுக்குள்ள இருக்குற இரும்புக் கம்பி, பம்பருக்குப் பின்னாடி இருக்குற பீம், சீட் பெல்ட், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் போல்ட். எடைக்காக அலுமினிய போல்ட் போடுறாங்க, உள்ள வெளிய அழகுக்கு மாட்டுற டிரிம்முக்கு ஓகே, சஸ்பென்ஷனுக்கு நினைக்கவே கூடாது. சேஸிஸ் உறுப்புல ஓட்டை போடுறதும் வேணாம். ஹெல்மெட் இல்லாம ரோட்டுல ஓட்டுற காருக்குள்ள ரோல் கேஜும் (ஆளைக் காப்பாத்த போடுற இரும்புக் குழாய்க் கூண்டு) வேணாம், சின்ன இடியிலயும் தலை அந்த குழாயில போய் மோதும்.

எல்லாம் முடிஞ்சதும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சிடாதீங்க. 80 கிலோ போனா ஸ்பிரிங் நிமிர்ந்து வண்டி உயரும், வீல் கோணம் மாறிடும், அதனால அலைன்மென்ட் கட்டாயம். டிரைவர் சீட்டுல உங்க எடைக்கு சமமா மணல் மூட்டை வச்சு, பாதி டேங்க் பெட்ரோலோட செட் பண்ணச் சொல்லுங்க. பெரும்பாலும் எடை பின்னாடி இருந்துதான் அதிகமா போயிருக்கும், அப்போ பின் டயருக்கு பிடிப்பு கம்மி, பிரேக் அடிச்சா பின் வீல் முதல்ல லாக் ஆகி வண்டி சுத்திடும். ஆள் இல்லாத அகலமான இடத்துல கம்மி வேகத்துல அடிச்சுப் பாத்து, பின் வீல் முந்துச்சுன்னா பின் பிரேக் லைன்ல அட்ஜஸ்ட் பண்ற புரொபோர்ஷனிங் வால்வு போட்டு குறைங்க. முதல் 100 கிலோமீட்டர் ஓட்டுனதும் வீல் நட், சஸ்பென்ஷன் போல்ட், சீட் போல்ட் எல்லாத்தையும் டார்க் ரென்ச் (எவ்ளோ இறுக்கம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வச்சு திரும்ப ஒரு தடவை செக் பண்ணுங்க, அப்படியே கீழ குனிஞ்சு பிரேக் லைன், பெட்ரோல் லைன்ல எங்கயாவது ஈரம் இருக்கான்னும் பாத்துடுங்க.