எண்ணிக்கை கூடினால் போதுமா? அருகிவரும் உயிரினங்களை ஆராய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024-இல் நடந்த கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருந்த வரையாடுகள் 1,031. அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,303. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, ‘ஒரே ஆண்டில் 272 ஆடுகள் பெருகிவிட்டன’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். கழித்தல் கணக்கு சரிதான். வரையாடுதான் அந்தக் கணக்குக்கு ஒத்துவராது. அது பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும், பிறந்த குட்டிகளில் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. நூற்றுக்கு 26 என்ற வேகத்தில் ஓராண்டில் பெருகுவது அதற்கு மிகக் கடினம். 2025-இல் கூடுதல் பகுதிகளில் எண்ணினார்கள். இரண்டாவது முறை என்பதால் எண்ணியவர்களின் கண்ணும் பழகியிருக்கும். அப்படியானால் உயர்வில் ஒரு பங்கு ஆடுகளுடையது, ஒரு பங்கு எண்ணியவர்களுடையது. எது எவ்வளவு என்பதை இரண்டு ஆண்டுக் கணக்கு சொல்லாது. ஒரே முறையில், ஒரே இடங்களில், பல ஆண்டுகள் எண்ணினால்தான் போக்கு தெரியும்.

இந்தத் துறையில் நடக்கும் பெரிய தவறுகளைப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான். எது கைக்கு எட்டுகிறதோ அதை அளக்கிறோம், எதைச் செய்வது எளிதோ அதைச் செய்கிறோம். அந்த உயிரினத்தைக் கொல்வது எது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

பார்த்தது வேறு, இருப்பது வேறு

இந்தியாவில் 1960-களிலிருந்து புலிகளைக் காலடித் தடம் வைத்துத்தான் எண்ணிவந்தார்கள். ஒவ்வொரு புலியின் தடமும் தனித்தன்மை உடையது, பழகிய கண் பிரித்தறிந்துவிடும் என்பது நம்பிக்கை. மண் ஈரமா, மணலா, புலி நடந்ததா ஓடியதா என்பதைப் பொறுத்து ஒரே புலியின் தடமே மாறும் என்று ஆய்வாளர்கள் சொன்னது நெடுங்காலம் எடுபடவில்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் பத்துக்கு மேற்பட்ட புலிகள் இருப்பதாக 2004-இல் கூட ஏட்டில் இருந்தது. 2005 தொடக்கத்தில் அங்கே ஒரு புலியும் இல்லை என்பது வெளிவந்தது. கள்ள வேட்டைக்காரர்கள் தீர்த்துக்கட்டியிருந்தார்கள்.

இதற்கு மாற்று அப்போதே கையில் இருந்தது. புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990-களின் தொடக்கத்திலேயே கர்நாடகத்தின் நாகரஹொளேயில் தானியங்கி கேமராக்களை வைத்து, புலியின் வரிகளைக் கொண்டு ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டார். கேமராவைவிட முக்கியமானது அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுகின்றன என்று வையுங்கள். அடுத்த சுற்றிலும் 20. அவற்றில் 10 மட்டுமே முன்பு பார்த்தவை. அப்படியென்றால் ஒரு சுற்றில் நம் கண்ணில் படுவது ஏறக்குறைய பாதிதான், காட்டில் இருப்பவை 40 அளவில் இருக்கலாம். எவ்வளவு கண்ணுக்குத் தப்புகிறது என்பதை அளக்காத எந்தக் கணக்கெடுப்பும் அரைக் கணக்கெடுப்பே. கண்ணில் பட்டவற்றைக் கூட்டி, அதையே மொத்தம் என்று எழுதும் வழக்கம் பறவைக் கணக்கெடுப்புகளில் இன்றும் உண்டு.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, முறை மாறிய பிறகும் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடுவது. 2001-02 கணக்கில் நாட்டில் 3,642 புலிகள். முறை மாறிய பின் 2006 கணக்கில் 1,411. நாலைந்து ஆண்டில் இரண்டாயிரத்துக்கு மேல் செத்துவிட்டன என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. முதல் எண்ணையே நம்ப முடியாது என்பதுதான் பொருள். 2022 கணக்கெடுப்பில் சராசரி மதிப்பீடு 3,682. அதன் கீழ் எல்லை 3,167, மேல் எல்லை 3,925. மேடைகளில் ஒற்றை எண்தான் ஒலிக்கும். ஆய்வு செய்பவர் அந்த இரு எல்லைகளையும் விட்டுவிடக் கூடாது.

கண்ணில் பட்ட குற்றவாளியைப் பிடித்துக்கொள்வது

1990-களில் பிணந்தின்னிகளான பாறு கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. ராஜஸ்தானின் பரத்பூரில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் இந்தச் சரிவைப் பதிவுசெய்தார். வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது. பூச்சிக்கொல்லி, உணவுப் பற்றாக்குறை, ஏதோ ஒரு வைரஸ் என்று சந்தேகங்கள் நீண்டன. தொற்றுநோய் என்ற எண்ணம் பல காலம் ஓங்கியிருந்தது. 2004-இல்தான் பாகிஸ்தானில் ஆய்வுசெய்த லிண்ட்சே ஓக்ஸ் குழு உண்மையைச் சொன்னது: மாடுகளுக்கு வலி மருந்தாகப் போடும் டைக்ளோஃபெனாக். அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான சடலங்களில் மருந்து இருந்தாலே இத்தனை பெரிய சரிவு நேரும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். பாறு நீண்ட நாள் வாழும், ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும், கூட்டமாக ஒரே சடலத்தைத் தின்னும். ‘இவ்வளவு அரிதான காரணம் இத்தனை பெரிய அழிவைச் செய்யுமா’ என்று ஒதுக்கியிருந்தால் தடம் தவறியிருக்கும். ஒரு காரணத்தின் பருமனைப் பார்த்து எடை போடக் கூடாது. அந்த உயிரினத்தின் வாழ்க்கை முறையோடு சேர்த்துத்தான் அதை நிறுக்க வேண்டும்.

காரணத்தைக் கண்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-இல் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கை 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்குள் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் எனப் பிற மருந்துகள் அந்த இடத்துக்கு வந்திருந்தன. இவற்றுள் இரண்டாவது, மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது! இரண்டுக்கும் தடை வர 2023 ஆனது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைக் கணக்கெடுப்பதைப் போலவே சுற்றுவட்டார மருந்துக் கடைகளில் என்ன விற்கிறது என்று பார்ப்பதும் ஆய்வுதான்.

முட்டையைக் காத்துவிட்டுத் தாயை விட்டுவிடுவது

சென்னைக் கடற்கரையில் 1988-இலிருந்து மாணவர்கள் ஆமை நடை (கூடு தேடி இரவில் கரையோரம் நடப்பது) நடந்து முட்டைகளைப் பொரிப்பகம் சேர்க்கிறார்கள். குஞ்சுகள் அலையைத் தொடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நாய்க்கும் நடைபாதை விளக்குக்கும் பலியாகும் குஞ்சுகள் அதனால் பிழைக்கின்றன. அதுவே போதும் என்று நினைப்பதில்தான் கோளாறு.

அமெரிக்காவின் பெருந்தலை ஆமைகளை வைத்து க்ரவுஸ், க்ரவுடர், கேஸ்வெல் மூவரும் 1987-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். முதல் ஆண்டில் ஒரு குஞ்சு கூடச் சாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கூட்டத்தின் சரிவு நிற்கவில்லை. வளர்ந்துவரும் பெரிய ஆமைகளின் சாவைச் சற்றே குறைத்தபோது கூட்டம் மீண்டது. காரணம் எளிது. ஒரு பெண் ஆமை முட்டையிடும் வயதை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். எட்டிய பின், முட்டையிடும் பருவம் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் முட்டையிடக்கூடிய ஒன்று இழுவை மடி வலையில் சிக்கி மூச்சுமுட்டி இறந்தால், அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனையோ கூடுகளைக் காக்க வேண்டியிருக்கும். வலையிலிருந்து ஆமை தப்பிக்கும் கருவியை இறால் படகுகளில் கட்டாயமாக்கும் வாதத்துக்கு இந்த ஆய்வுதான் வலுக்கொடுத்தது.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது அந்தப் பழைய கணக்கு இங்கேயும் பொருந்துவது தெரிந்தது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை மடி போடக் கூடாது என்பது விதி. பொரிப்பகத்தில் எத்தனை குஞ்சுகள் என்பதை ஏட்டில் எழுதும் கவனம், அந்த ஐந்து மைலுக்குள் யார் வலை இழுக்கிறார்கள் என்பதிலும் இருக்க வேண்டும்.

உதவியே கேடாவது

நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கருஞ்சிட்டு 1980-இல் வெறும் ஐந்து பறவைகளாகக் குறைந்திருந்தது. முட்டையிடக்கூடிய பெட்டை ஒன்றுதான். அங்கிருந்து அதை மீட்டது வியப்பான சாதனை. மீட்கும்போது சில பெட்டைகள் கூட்டின் விளிம்பில் முட்டை இடுவதைக் கண்டு, காப்பாளர்கள் அவற்றை உள்ளே தள்ளிவிட்டார்கள். இல்லையென்றால் அந்த முட்டைகள் பொரிக்காது. அந்தப் பழக்கம் வழிவழியாக இறங்கியது, சில ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட பெட்டைகள் விளிம்பில் இடத் தொடங்கின. தள்ளுவதை நிறுத்திய பிறகு அது குறைந்தது. ஐந்தே பறவைகள் இருந்தபோது தள்ளியது சரி. எப்போது நிறுத்துவது என்று முன்பே தீர்மானிக்காததுதான் பிழை.

பரத்பூரின் கேவலாதேவ் பறவைப் பூங்காவில் நடந்தது இன்னும் கசப்பானது. சதுப்பு நிலத்தில் எருமைகள் மேய்வது பறவைகளுக்குக் கேடு என்று நம்பினார்கள், பறவையியலாளர் சலீம் அலியும் அப்படித்தான் கருதினார். 1982-இல் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980-இலிருந்து பத்தாண்டுகள் அங்கே நடத்திய ஆய்வு வேறு முடிவைத் தந்தது. எருமைகள் போனபின் புல் அடர்ந்து நீர்ப்பரப்பை அடைத்தது, மீன்களும் நீர்ப்பறவைகளும் குறைந்தன. அந்த ஆய்வை நடத்திய வி.எஸ். விஜயன்தான் பின்னர் கோவையில் உள்ள சாகோன் (சலீம் அலி பெயரிலான பறவையியல்) ஆய்வு மையத்தின் முதல் இயக்குநர் ஆனார். ஒரு மூலையில் மட்டும் மேய்ச்சலை நிறுத்திப் பார்த்திருந்தால் நாலைந்து ஆண்டில் விடை தெரிந்திருக்கும். ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தால் அதற்கும் முன்பே.

நம் நீலகிரியில் புல்வெளியை வெறும் நிலம் என்று கருதிச் சீகையும் தைலமும் பைனும் நட்டார்கள். வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது அப்படித்தான். ‘மரம் நடுவோம்’ என்று புல்வெளியில் இன்றும் கிளம்புகிறவர்கள் முதலில் அங்கே எது வாழ்கிறது என்று பார்ப்பது நல்லது.

இடத்தைச் சொல்லிவிடுவது

தெற்குச் சீனாவின் ஒரு குகைப் பல்லி 1999-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. விவரிப்புக் கட்டுரையில் கிடைத்த இடமும் இருந்தது. செல்லப்பிராணி வணிகர்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே போய் அந்த இடத்தில் அதைத் துடைத்தெடுத்தார்கள். அதிலிருந்து பல ஆய்விதழ்கள் துல்லியமான இடக்குறியை வெளியிடாமல் விடுகின்றன. பறவை பார்ப்போர் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்டு தளமும் சில பறவைகளின் இடத்தை மறைத்தே காட்டுகிறது. அங்கே மறைத்ததை அன்று மாலையே ஊர்ப் பெயருடன் வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போடுவது நம்மவர்களிடம் அதிகம். படத்தோடு ஒட்டிவரும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுப் பகிர்வதும், கூடு இருக்கும் பருவம் முடியும்வரை மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு நிமிட வேலை.