மார்ச் வெயிலில் ஒரு நாள்: ரொறொன்ரோவில் குடும்பத்தோடு வெளியே செல்வது எப்படி?

மார்ச் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறொன்ரோ வானம் மேகமில்லாமல் விடிந்துவிட்டால், குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகளை மட்டுமல்ல, அம்மம்மாவையும் உள்ளே பிடித்து வைத்திருக்க முடியாது. ஆனால் இந்த வெயில் வெளிச்சத்தை அள்ளித் தருமே தவிரச் சூட்டை அந்த அளவுக்குத் தராது. ஆகவே யன்னலால் எட்டிப் பார்த்த உடனே புறப்படாமல், நிலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிந்து அன்றைய பயணத்தை ஒழுங்கு செய்வதே நல்லது.

அதற்கு, பகல் வெப்பநிலையோடு முந்தைய இரவின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். இரவில் 0 பாகைக்குக் கீழே சென்றிருந்தால், முதல்நாள் உருகி வழிந்த நீர் நடைபாதையிலும் வாகனத் தரிப்பிடத்திலும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலமாக உறைந்து கிடக்கும். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் வெயில் ஏறி அது கரையும் வரை பொறுத்திருக்க வேண்டும். பிற்பகலிலோ வேறொரு சிக்கல் உண்டு: மேல்மண் இளகிய பிறகும் அடிமண் உறைந்தே இருப்பதால், நீர் கீழே இறங்க வழியின்றிப் பாதையெல்லாம் சேறாகிவிடும். முற்பகல் 11 மணிக்குப் போய்ச் சேர்ந்து 3 மணிக்குள் திரும்புவதாகத் திட்டமிட்டால் இரண்டிலிருந்தும் ஓரளவு தப்பலாம்.

எங்கே போவது என்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். ஹை பார்க்கின் செர்ரி மரங்கள் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் பூக்கும். மார்ச்சில் சென்றால் வெறுங்கிளைகளைத்தான் படம் பிடிக்கலாம். ஏரிக்கரையில் செங்குத்தாக நிற்கும் மண் பாறைகளான ஸ்காபரோ பிளஃப்ஸ் அழகான இடமே. எனினும் ஒன்ராறியோ ஏரியின் நீர் அப்போது உறைநிலையை ஒட்டியே இருப்பதால், ஏரிக் காற்று வீசத் தொடங்கியதும் உள்நகரில் இதமாக இருந்த அதே வெயில் அங்கே பல்லைக் கிட்ட வைத்துவிடும். பனி உருகும் காலத்தில் அந்த மண் பாறைகளின் விளிம்பும் இளகிச் சரியும் என்பதால், மேலே ஓரத்துக்குச் செல்வதும் அடியில் நின்று படம் எடுப்பதும் ஆபத்தானவை.

என்னைக் கேட்டால், இந்தப் பருவத்துக்கென்றே அமைந்த இடம் மேப்பிள் தோப்புத்தான். வாகனில் உள்ள கோர்ட்ரைட் நிலையத்திலும் ஸ்டூஃப்வில் பக்கத்தில் உள்ள புரூசஸ் மில் காப்பகத்திலும் மேப்பிள் மரச் சாற்றைப் பாணியாகக் காய்ச்சுவதை நேரில் காணலாம்; வார இறுதியில் கூட்டம் மிகுதி என்பதால் நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில் மரத்துக்குள் அழுத்தம் ஏறுவதால்தான் சாறு வடிகிறது. மொட்டு விரியத் தொடங்கினால் சாற்றின் சுவை கெட்டுவிடும் என்பதால், சில வாரங்களிலேயே இந்த வேலை முடிந்துவிடும். அனிஷினாபே முதலிய ஆதிக்குடிகள், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இதை அறிந்திருந்தார்கள். பிள்ளைகளை ஒரு வாளியின் அருகே நிறுத்தி, மரத்தில் செருகிய குழாயின் நுனியில் துளி திரண்டு வெயிலில் மின்னி விழுவதை எண்ணச் சொல்லுங்கள். அங்குள்ளவர்கள் சாற்றைச் சுவைக்கத் தந்தால் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்: ஏறத்தாழ 2 சதவீதம் சர்க்கரையே உள்ள அது வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். அதை 40 லீற்றர் அளவில் காய்ச்சினால்தான் 1 லீற்றர் பாணி கிடைக்கும். கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி வார்த்ததைப் பார்த்து வளர்ந்த அம்மம்மா, அந்த ஆவி பறக்கும் கொட்டிலை விட்டு எளிதில் நகரமாட்டார்.

உடுப்பைப் பொறுத்தவரை, தடித்த குளிரங்கி ஒன்றைவிட மெல்லிய உடுப்புகளை அடுக்கடுக்காக அணிவதே உகந்தது. ஓடும் பிள்ளை ஒன்றைக் கழற்றலாம், உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். சேலை உடுத்துபவர்கள் உள்ளே வெம்மைக் காற்சட்டையும் கம்பளிக் காலுறையும் அணிவது அவசியம். பிள்ளைகளுக்கு றப்பர் பூட்ஸ் போட்டுவிடுவதோடு, மாற்றுக் காற்சட்டையும் இரண்டு சோடி காலுறையும் காரில் வையுங்கள். சேற்றில் விழாத பிள்ளை இதுவரை பிறக்கவில்லை. எஞ்சிய பனி வெயிலைத் தெறிக்க வைப்பதால் கறுப்புக் கண்ணாடியும் தேவைப்படும்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோற்றைவிட, கையுறையைக் கழற்றிய சில நிமிடங்களில் உண்டு முடிக்கக்கூடிய ரோல்ஸ், கட்லட் போன்றவையும் வெந்நீர்க் குடுவையில் இஞ்சித் தேநீரும் பொருத்தமானவை. மர வாங்குகள் ஈரமாகவே இருக்கும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.

வீடு திரும்பியதும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். வெப்பநிலை 4 பாகையைத் தாண்டினாலே அவை நடமாடத் தொடங்கிவிடும்; லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி நகரின் கிழக்கே உள்ள ரூஜ் பள்ளத்தாக்கில் உண்டு. முழங்காலின் பின்புறம், அக்குள், காதின் பின்புறம், மயிர் எல்லை ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால், நுனி கூரிய சாமணத்தால் தலையை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுத்து, அந்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குடும்ப மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

குளிர்கால உடுப்புகளைத் தோய்த்து உலர்த்துங்கள். ஆனால் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம். 2018ஆம் ஆண்டில் சித்திரை வருடப்பிறப்பன்றே, ஏப்ரல் 14ஆம் திகதி, இந்நகரில் உறைமழை பெய்தது. காரின் குளிர்கால ரயர்களையும், வெப்பநிலை தொடர்ந்து 7 பாகைக்கு மேல் நிற்கும் வரை மாற்றாமல் விட்டுவையுங்கள்.